புகைப்படக் கலையும் சுயேச்சையும்

கலைகளுள் மிக இளையது புகைப்படக் கலை. ஓவியமும் சிற்பமும் பல்லாயிரம் ஆண்டு வாழ்வுடையன. புகைப்படமோ 1839-ஆம் ஆண்டில்தான் உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. ஆயினும் இது பரவிய வேகத்தில் வேறு எக்கலையும் பரவியதில்லை. கைபேசி வைத்திருப்போர் யாவரும் இன்று புகைப்படக்காரரே. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் திருவிழாவன்று மாட வீதியில் நின்று நோக்குவார்க்கு, கும்பிட உயர்ந்த கைகளினும் படமெடுக்க உயர்ந்த கைகளே மிகுதியாகத் தோன்றும்.

இத்தகைய காலத்திலும் பிலிம் சுருளைக் காமிராவில் இட்டுப் படமெடுக்கும் பழைய முறையை விடாது போற்றுவோர் சிலர் நம்மிடையே உளர். யானும் அவருள் ஒருவன். "பணமும் பொழுதும் வீணாகும் இவ்வழக்கத்தால் விளையும் நன்மை யாது?" என்று நண்பர்கள் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடையை முதற்கண் சுருங்கக் கூறிவிடுகின்றேன். கறுப்பு வெள்ளைப் பிலிம் முறையில், ஒரு படத்தின் பிறப்பு முதல் நிறைவு வரையுள்ள ஒவ்வொரு படியையும் ஒரே மனிதன் தன் கையாலேயே செய்து முடிக்கலாம். அதனால், பிறர்க்கு விடை சொல்ல வேண்டாத ஒரு சிறு நிலம் அவனுக்கு உரிமையாகின்றது. அந்நிலத்திற்குரிய வரியையும் அவனே செலுத்தியாக வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கிய ஒருவர் நம் மயிலாப்பூரிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர் வரலாற்றைக் கூறுமுன் பிலிமின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

பிலிம் என்பது ஒளி ஊடுருவக்கூடிய ஒரு மெல்லிய நாடா. அதன்மேல் ஜெலட்டின் என்னும் பசை பூசப்பெற்றிருக்கும். அது விலங்கின் எலும்பினின்றும் தோலினின்றும் எடுக்கப்படுவது. வெள்ளியும் புரோமினும் கூடிய உப்பு, கண்ணுக்குப் புலப்படாத படிகங்களாக அப்பசையினுள் விரவிக் கிடக்கும். காமிராவின் கதவம் ஒரு விநாடியின் சிறு பகுதியளவு திறந்து மூடும்போது, லென்ஸின் வழியே புகும் ஒளி அப்படிகங்களைத் தாக்குகின்றது. தாக்குண்ட படிகத்தில் வெள்ளி அணுக்கள் சில மட்டும் தனித்துப் பிரிகின்றன. அந்நிலையில் பிலிமை எடுத்து நோக்கினும் ஒன்றும் தோன்றாது. உருவம் ஆங்கே உளது; ஆனால் விதையுள் மரம் போல மறைந்து உறைகின்றது.

அதனை வெளிப்படுத்துவது டெவலப்பர் என்னும் இரசாயனக் கரைசல். ஒளிபட்ட படிகங்களை மட்டும் தேர்ந்து, அவற்றை முழுவதும் கரிய வெள்ளித் துகளாக மாற்றுவது அதன் தொழில். ஒளிபடாத படிகங்கள் அப்படியே நிற்கும். அவற்றை நீக்காவிடின் பின்னர் ஒளிபட்டு அவையும் கறுத்துப் படம் கெடும். ஆதலின் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் பிலிமை இட்டு அவற்றைக் கரைத்துவிடுகின்றனர். வெள்ளியுப்பைக் கரைக்கும் ஆற்றல் ஹைப்போவுக்கு உண்டென்பதை 1819-இல் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில விஞ்ஞானி. இருபது ஆண்டுகளுக்குப் பின் புகைப்படம் தோன்றியபோது அக்கண்டுபிடிப்பே அதற்கு நிலைபேறு அளித்தது. இறுதியில் நன்னீரில் நெடுநேரம் கழுவி உலர்த்தினால், வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் மாறித் தோன்றும் நெகடிவ் கிடைக்கும். அதனூடே ஒளியைச் செலுத்தித் தாளில் விழச் செய்தால், ஒளியும் நிழலும் மீண்டும் தத்தம் இடம் பெறுகின்றன.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பிலிமிலுள்ள படிகங்கள் பெரியனவாயின் குறைந்த ஒளியிலும் படம் பதியும். ஆனால் அச்சிடும்போது மணல் தூவினாற்போல் துகள்கள் தோன்றும். படிகங்கள் சிறியனவாயின் படம் மென்மையாக அமையும். ஆனால் மிகுந்த ஒளி வேண்டும். இரண்டு நலன்களையும் ஒருங்கே பெறுதல் அரிது. எதனைப் பெற எதனை இழப்பது என்று முன்னரே தேர்ந்து சுருளை வாங்க வேண்டும். தேர்ந்தபின் அச்சுருள் முடியுமளவும் அத்தேர்வுக்குக் கட்டுப்பட வேண்டும்.

இவ்வேலைகளை நம் சென்னை நகரில் செய்வதன் அருமை, செய்தவர்க்கே விளங்கும். டெவலப்பருக்கு ஏற்ற வெப்பநிலை 20 பாகை சென்டிகிரேட் என்று நூல்கள் விதிக்கின்றன. அவ்விதியை வகுத்தவர் குளிர் நாட்டினர். நம் ஊரில் சித்திரை வைகாசி மாதங்களில் மாடித் தொட்டியினின்று வரும் குழாய் நீர் 30 பாகைக்கும் மேற்பட்டிருக்கும். வெப்பம் மிகுந்தால் டெவலப்பர் விரைந்து தொழிற்படும். ஜெலட்டின் பருத்து மென்மையடையும். கைநகம் பட்டாலே பசை உரியும். சூடான கரைசலினின்று குளிர்ந்த நீருக்குத் திடீரென மாற்றினால் வறண்ட ஏரியின் வண்டல்போல் படம் முழுவதும் வெடித்துச் சுருங்கும். ஆகவே பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி இட்டு, வெப்பமானியைக் கண்ணினின்று விலக்காது பணிசெய்ய வேண்டும். ஜெலட்டின் பருக்காதிருக்கச் சோடியம் சல்பேட்டு சேர்த்த டெவலப்பர்களை வெப்ப நாடுகளுக்கென்றே ஆக்கினர். மார்கழி இரவுகள் இவ்வேலைக்கு உகந்தவை. மழைக்காலத்திலோ வேறொரு பகை: கடற்காற்றின் ஈரத்தால் லென்ஸினுள்ளே பூசணம் சிலந்தி வலைபோல் படரும்.

இவ்வளவு தொல்லையையும் பிறர் தலையில் ஏற்றிவிட வழியில்லையா? உண்டு. 1888-இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கொடாக்' என்னும் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதனுள் 100 படங்களுக்குரிய சுருள் முன்னரே இடப்பட்டிருந்தது. வாங்கியவர் பொத்தானை அழுத்தினால் போதும்; சுருள் முடிந்தபின் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டு, புதுச் சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவர். இவ்வேற்பாட்டால் புகைப்படம் எளியோர்க்கும் எட்டியது. இதனை நன்மையன்று என்று எவரும் சொல்லார். ஆயினும் அன்றுமுதல் படமெடுப்போன் வேறு, படத்தை ஆக்குவோன் வேறு என்னும் பிரிவு தோன்றிற்று. இன்று கைபேசியில் எடுக்கும் படத்தின் நிறத்தையும் ஒளியையும் கூர்மையையும் பெரும்பாலும் அக்கருவியை ஆக்கிய கம்பெனியின் கணக்குமுறையே தீர்மானிக்கின்றது. ஈஸ்ட்மன் தொடங்கிய வழியின் நீட்சியே அது.

படத்தை ஆக்கும் தொழிலில் மட்டுமன்று, அதற்கு வேண்டிய பொருளிலும் பிறரைச் சார்ந்திருத்தல் உண்டு. அதன் விளைவுக்கு நம் மாகாணத்துப் புகைப்பட வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உளது. இக்கலை சென்னைக்கு வந்தது மிகப் பழைமையானது. 1850-களிலேயே இங்குப் புகைப்படச் சங்கம் ஒன்று ஏற்பட்டுவிட்டது. 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரியைச் சென்னை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் மாட்டு வண்டிகளில் காமிராவையும் இரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை முதலிய இடங்களுக்குச் சென்று படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார். அதனை இன்று காண்போரும் வியக்கின்றனர். ஆனால் 1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், அரசாங்கத்தின் நிதிநிலைக்கு இஃது ஏலாத ஆடம்பரம் என்று கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். டிரைப்பும் அதன்பின் இக்கலையைப் பெரும்பாலும் கைவிட்டார். பிறர் பொருளால் நடக்கும் கலை பிறர் சொல்லால் நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு நேர் மாறான வழியைத் தேர்ந்தவரே யான் மேலே குறிப்பிட்ட மயிலாப்பூர்வாசி. மா. கிருஷ்ணன் என்பது அவர் பெயர். 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள் பிறந்தார். தமிழில் நாவல் இலக்கியத்தைத் தொடங்கிவைத்த முன்னோருள் ஒருவரும், 'பத்மாவதி சரித்திர'த்தின் ஆசிரியரும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய மாணவருமான அ. மாதவையாவின் இளைய மகன் இவர். மாதவையா அரசாங்க உப்பு இலாகாவில் உத்தியோகம் வகித்தவர். அவ்வுத்தியோகத்தினின்று முன்னதாகவே ஓய்வுபெற்று, மயிலையில் அச்சகம் நிறுவி, 1924-இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழைத் தொடங்கினார். தம் எழுத்தைத் தாமே அச்சிட்டுத் தாமே வெளியிடும் உரிமையை அவர் விரும்பினார். அவ்வுரிமையை நெடுநாள் நுகரக் கொடுத்துவைக்கவில்லை. 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் சபையில் தமிழ்க் கல்விக்காகப் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் நீத்தார். அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

இக்குடும்பம் வாழ்ந்த 'பெருங்குளம் இல்லம்' மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் இருந்தது. இன்று அச்சாலை டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படுகின்றது; அதில் ஓயாது ஓடும் வாகனங்களைக் காண்போர், ஒரு நூற்றாண்டுக்கு முன் அப்பகுதி புதர்கள் அடர்ந்து, பறவைகளும் நரிகளும் வெளிமான்களும் திரிந்த இடம் என்பதை எளிதில் நம்பார். வெளிமானைக் காண வேண்டின் இன்று நாம் கிண்டித் தேசியப் பூங்காவுக்கே செல்ல வேண்டும். சிறுவன் கிருஷ்ணன் தன் பதினோராம் வயதிலேயே ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான் என்பர். விலங்குகளிடத்து அவருக்கிருந்த ஈடுபாடு, படித்தறிந்ததன்று. வீட்டு வேலிக்கு அப்பால் கண்டறிந்தது.

அவர் மாநிலக் கல்லூரியில் பயின்றார். ஆங்குத் தாவர நூல் பேராசிரியராக விளங்கிய பைசன் துரையவர்களுடன் மலைப்பகுதிகளுக்குச் சென்று செடிகொடிகளை ஆராயும் பழக்கம் பெற்றார். பின்னர்ச் சட்டமும் படித்தார். அவருடைய தமையனார் மா. அனந்தநாராயணன் ஐ. சி. எஸ். பதவியேற்று, பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் உயர்ந்தார். கிருஷ்ணனோ அவ்வழியிற் செல்லவில்லை. 1942-இல், இன்று கர்நாடக மாநிலத்திலுள்ள சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்தில் வேலையில் அமர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியற் காரியதரிசி எனப் பல பொறுப்புகளை ஏற்றார். 1949-இல் அச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்துவிட்டது. அதன்பின் சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன், நிலையான உத்தியோகம் எதனையும் நாடாமல், எழுத்து, ஓவியம், புகைப்படம் ஆகிய மூன்றையுமே வாழ்வுக்கு வழியாகக் கொண்டார். கல்கத்தாவினின்று வெளிவரும் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் இயற்கையைப் பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். 1996 பிப்ரவரி 18-ஆம் நாள், அவர் மறைந்த நாள்வரை, 46 ஆண்டுகள் அது தொடர்ந்து வந்தது. தமிழிலும் அவர் எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் தொகுப்பு அவ்வெழுத்தின் சுவையை இன்றைய வாசகர்க்கு அளிக்கின்றது.

இனி அவருடைய காமிராவைப் பற்றிக் கூறுவேன். கடையில் ஒரே பெட்டியில் வாங்கிய காமிரா அன்று அது. ஒரு கம்பெனியின் உடற்பகுதி, மற்றொரு கம்பெனியின் தொலைநோக்கு லென்ஸ், பிற உறுப்புகள் வேறு வேறு இடத்தன என்று அவர் தாமே பொருத்தி அமைத்துக்கொண்டது. அதன் தோற்றத்தைக் கண்டு நண்பர்கள் நகைத்தனர். அவரும் அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். பெருங்கனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. ஆனால் முதுமலையிலும் பந்திப்பூரிலும் பெரியாற்றங்கரையிலும் காட்டு யானைகளையும் காட்டெருமைகளையும் அவர் படமெடுத்தது இக்கருவியைக் கொண்டே.

இவ்விணைப்பு வெறும் சிக்கனத்தால் மட்டும் விளைந்ததென்று எண்ணுதல் கூடாது. இதனுள் தக்க காரணமும் உண்டு. காட்டு விலங்கை அணுகுதல் இயலாது. ஆதலின் தொலைநோக்கு லென்ஸ் வேண்டும். அத்தகைய லென்ஸ் நீளமாக நீளமாகக் கையின் சிறு நடுக்கமும் படத்தில் பெரிதாகத் தோன்றும். 300 மில்லிமீட்டர் லென்ஸைக் கையிற் பிடித்து எடுப்பதாயின் விநாடியில் 300-இல் ஒரு பங்குக்கு மேல் கதவம் திறந்திருத்தலாகாது என்பது புகைப்படக்காரரின் வழக்கமான கணக்கு. விலங்கு வெளிப்படுவதோ ஒளி மங்கிய காலையிலும் மாலையிலும். மரநிழலில் அவ்வளவு குறுகிய நேரத்தில் பிலிமைத் தீண்டும் ஒளி மிகச் சிறிது. ஒளியுணர்வு மிகுந்த பிலிமை இட்டால் துகள் பெருக்கும். அதற்கு மாற்று, நெகடிவ்வையே பெரிதாக்குவது. நெகடிவ் பெரிதாயின் அச்சிடும்போது அதனை மிகுதியாகப் பெருக்க வேண்டுவதில்லை, துகளும் துருத்தி நில்லாது. ஆனால் பெரிய நெகடிவ்வுக்குப் பெரிய காமிரா வேண்டும். அதனைத் தூக்கிக்கொண்டு நடந்தும், ஓயாது அசையும் யானையின் முதுகின்மேல் அமர்ந்தும் படமெடுத்தார் கிருஷ்ணன். தம் தேவை இன்னதென்று தாமே ஆராய்ந்து, அதற்கேற்பக் கருவியைத் தாமே அமைத்துக்கொண்டதே இங்குக் கருதத்தக்கது. கடைக்காரன் விற்பதற்கேற்பத் தம் தேவையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்து வந்தார். யானையின் தோல்மடிப்பும், எருமையின் தோள்திரட்சியும், மூங்கிற் புதரினூடே வழியும் வெயிலும் அவர் படங்களில் கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட பல்வேறு சாயல்களாலேயே உருப்பெறுகின்றன. அவர் மறைவுக்குப் பின் 2006-இல் அவருடைய படங்களையும் எழுத்துகளையும் தொகுத்து ஒரு பெருநூல் வெளிவந்தது. அதனைப் புரட்டுவோர்க்கு, நிறம் இல்லையே என்னும் குறை நான்காம் பக்கத்திலேயே மறந்துபோகும். விலங்கின் உடலமைப்பும் அது வாழும் சூழலும் ஒருங்கே தெரிதல் வேண்டும் என்னும் நோக்கு அப்படங்களில் விளங்குகின்றது. அவர் ஓவியரும் இயற்கை நூல் வல்லாருமாக இருந்தமையால், கோட்டையும் வடிவையும் காணும் கண் அவருக்கு முன்னரே பயின்றிருந்தது.

கறுப்பு வெள்ளையின் பயன் அழகு நோக்கியது மட்டுமன்று. சுயேச்சை நோக்கியும் அதற்கொரு சிறப்பு உண்டு. கொடாக்கம்பெனி 1935-இல் வெளியிட்ட 'கொடாக்குரோம்' என்னும் வண்ணப் பிலிம் உலகெங்கும் புகழ்பெற்றது. அதன் வண்ணங்கள் நெடுங்காலம் மங்காதவை. ஆனால் அதனை உருத்துலக்கும் முறை மிகவும் சிக்கலானது. பெரிய இரசாயன சாலைகளிலன்றி வீட்டில் செய்தற்கரியது. 2009-இல் கம்பெனி அப்பிலிமை நிறுத்தியது. 2010-ஆம் ஆண்டு இறுதியில், அதனை உருத்துலக்கி வந்த கடைசிச் சாலையும் அவ்வேலையை விட்டது. அதன்பின் எவர் பெட்டியிலேனும் கொடாக்குரோம் சுருள் எஞ்சியிருந்தால், அதனுள் உறையும் வண்ணங்களை வெளிக்கொணர வழியில்லை. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கோ இக்கதி இல்லை. அதற்கு வேண்டிய இரசாயனங்கள் சிலவே. அவற்றை நிறுத்துக் கலக்கும் முறையும் நூல்களில் உளது. இருட்டறை ஒன்றும் பொறுமையும் உடையவர் எவரும் அதனைச் செய்யலாம். பிறருடைய தொழிற்சாலை மூடினாலும் தம் படம் இருளில் சிறைப்படாது.

சுயேச்சை என்பதன் பொருளைச் சிலர் பிழைபடக் கொள்வர். தடையேதும் இன்றி மனம் போனவாறு செய்வதே சுயேச்சை என்பது அவர் எண்ணம். கிருஷ்ணனின் வாழ்வு வேறொன்றைக் கற்பிக்கின்றது. அவருக்குத் தடைகள் குறைவில்லை. மாதச் சம்பளம் இல்லை, காமிராவோ கனம், பிலிம் விலையுயர்ந்தது, ஒவ்வொரு சுருளிலும் படங்கள் எண்ணி எட்டோ பன்னிரண்டோதான். ஆனால் அத்தடைகள் அவர் தாமே தேர்ந்து ஏற்றவை. பத்திரிகையாசிரியர் ஒருவர் கட்டுரையை மறுக்கலாம். வாங்குவோர் ஒருவர் படத்தை விரும்பாதிருக்கலாம். எதனை எழுதுவது, எந்த விலங்கின் பின் எத்தனை நாள் நடப்பது, எந்தப் படத்தை அச்சிடுவது என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அவர் கையிலேயே இருந்தது. அவ்வுரிமை இருந்தமையாலன்றோ, காட்டு விலங்குகள் பற்றி அரசாங்கத்துக்குப் பிடிக்காத உண்மைகளையும் அவர் தயங்காது எழுத முடிந்தது! 1968-இல் ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி நல்கை அவருக்குக் கிடைத்தது. தென்னிந்தியப் பெருவிலங்குகளைப் பற்றி அவர் செய்த ஆய்வைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக வெளியிட்டது. அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அளித்தது. இவை யாவும் அவர் தம் வழியை மாற்றிக்கொண்டதனால் வந்தவையல்ல.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். குடும்பத்திற்குரிய வீடு மயிலாப்பூரில் இருந்தமையால் அவருக்கு இது கூடிற்று. வாடகைக்கு வாழும் இளைஞனுக்குக் கூடுமோ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தலைக்குமேல் ஒரு கூரை இருத்தல் பெரும்பேறு என்பதை மறுக்கலாகாது. ஆயினும் கூரையுடையார் பலர் அவ்வீதியில் இருந்தனர். நாற்பத்தாறு ஆண்டு அவ்வாறு உழைத்தவர் அவர் ஒருவரே. வேண்டியவற்றைக் குறைத்துக்கொள்ளுதலும், வேண்டிய கருவியைத் தாமே அமைத்துக்கொள்ளுதலும் வீட்டுரிமையால் வருவன அல்ல.

மற்றொரு மறுப்பு இன்னும் வலிமையுடையது. பிலிமையே நம்பி நிற்பவனும் அதனைச் செய்யும் தொழிற்சாலையைச் சார்ந்தவன்தானே? மெய்தான். நம் நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. 1960-இல் இந்திய அரசாங்கம் உதகமண்டலத்தில் 'இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' என்னும் தொழிற்சாலையை நிறுவியது. தூசியற்ற குளிர்ந்த காற்று வேண்டும் தொழிலாதலின் மலைநாடு அதற்குப் பொருத்தமாயிருந்தது. 1967 முதல் திங்களைக் குறிக்கும் 'இந்து' என்னும் பெயரோடு அதன் பிலிமும் தாளும் கடைகளில் விற்றன. சாதாரண மனிதரின் திருமணப் படங்களும் ஆஸ்பத்திரி எக்ஸ்-ரே படங்களும் அதில் பதிந்தன. பிற்காலத்தில் அத்தொழிற்சாலை பெருங்கடனில் ஆழ்ந்து, நாளடைவில் மூடப்பட்டுவிட்டது. இன்று நாம் வாங்கும் பிலிம் பெரும்பாலும் வெளிநாட்டினின்று வருவது, விலையும் அதிகம். ஆகவே முழுச் சுயேச்சை மனிதனுக்கு எத்தொழிலிலும் இல்லை. தச்சன் மரத்தைச் சார்ந்தவன். புலவன் மொழியைச் சார்ந்தவன். எதனைச் சார்ந்திருக்கின்றோம் என்பதை அறிந்து, சாராமல் இயலுவதைத் தன் கையிற் கொள்ளுதலே ஆகக்கூடியது. இதனை அறிந்தவன் கைபேசிக் காமிராவிலும் சுயேச்சையாகப் படமெடுக்கலாம்; அறியாதவனுக்கு விலையுயர்ந்த பிலிமும் வெறும் பகட்டே.

எனினும் கற்கத் தொடங்குவோர்க்குப் பிலிம் நல்ல ஆசான் என்று துணிந்து கூறுவேன். 36 படங்களே உள்ள சுருளை இட்டவன், பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை சிந்திக்கின்றான். எடுத்த படத்தை உடனே காண வழியில்லாமையால் அவன் கண் திரையில் தங்குவதில்லை. எதிரிலுள்ள காட்சியிலேயே தங்குகின்றது. பிழை நேர்ந்தால் அஃது ஒளியளவிலா, டெவலப்பரின் வெப்பத்திலா, அச்சிடுதலிலா என்று தேடிக் கண்டுபிடிக்கின்றான். தேடிக் கண்டது எளிதில் மறவாது.

நம் மாணவருள் இவ்வழக்கத்தில் விருப்பமுடையார்க்குச் சில சொற்கள். பழைய காமிரா ஒன்றும் லென்ஸ் ஒன்றும் போதும். இரண்டாவதை ஓராண்டுக்குப் பின் நினைக்கலாம். திங்களுக்கு ஒரு சுருள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். நம் நகரின் நடுப்பகல் வெயில் நிழலைக் கரிக்கட்டையாக்கிவிடும். ஆதலின் விடியலிலேயே புறப்படுங்கள். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் படிகளில் காலை வெயில் சாய்ந்து விழும் நேரமும், தியாகராய நகரின் இரங்கநாதன் தெருவில் கடைகள் திறக்குமுன் உள்ள நேரமும், அடையாற்று முகத்துவாரத்தில் நீர் வற்றிப் பறவைகள் இறங்கும் நேரமும் கறுப்பு வெள்ளைக்கு ஏற்றவை. ஒரே இடத்திற்குப் பன்முறை செல்லுங்கள். சுருளை நீங்களே உருத்துலக்குங்கள். கல்லூரி இரசாயன சாலையில் நீங்கள் பயிலும் ஆக்ஸிகரண ஒடுக்க வினைகளே ஆங்கும் நிகழ்கின்றன என்பதைக் கண்டு மகிழ்வீர்கள். சிறந்த நான்கு படங்களை மட்டும் அச்சிட்டு, அவற்றின் பின்புறத்தில் நாளும் இடமும் எழுதிவையுங்கள்.

பட்டம் பெற்றபின் உங்களிற் பலர் உத்தியோகங்களில் அமர்வீர்கள், அது வேண்டுவதே. கிருஷ்ணனைப் போல் அதனை முற்றும் துறத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. ஆனால் பிறர் விருப்பத்திற்காக நாள் முழுவதும் உழைக்கும் ஒருவனுக்கும், வாரத்தில் ஓர் இரவேனும் தன் விருப்பத்தின்படி, தன் கையால், தொடக்கமுதல் முடிவுவரை ஒன்றை ஆக்கும் இடம் வேண்டும். அதற்குக் குளியலறையின் சன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சிவப்பு விளக்கொன்றை ஏற்றினாற் போதும். வெண்டாளின்மேல் உருவம் மெல்ல மெல்ல எழுந்து வரும்போது, அதனை இன்னும் ஒரு விநாடி கரைசலில் விடுவதா எடுப்பதா என்று முடிவு செய்பவர் நீங்களே.